ஷகீகா: ஒருபக்கத் தலையிடி பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

தமிழ்நாட்டார் தலைவலி என்பதை நாம் தலையிடி என்கிறோம். கட்டுரை எழுதும்போது 'தலைவலி' என்று எழுதுகின்ற நம்மவர்கள்கூட வீட்டுக்குள் போனதும் "தலையிடிக்கிது, கொஞ்சம் சத்தம் போடாம இரிங்க" என்றுதான் சொல்வார்கள். வலி என்பது பொதுச்சொல். பல்லுக்கும் உண்டு, வயிற்றுக்கும் உண்டு. இடி அப்படியான சொல் அல்ல. உரலுக்குள் உலக்கை விழுவது போல விட்டுவிட்டு, தாளம் தப்பாமல் விழுகின்ற ஒன்றைத்தான் இடி என்று சொல்ல முடியும். நாடி துடிக்குந்தோறும் வலியும் சேர்ந்து துடிப்பது மைக்ரேன் எனப்படும் கடுந்தலையிடியின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று என்று இன்றைய மருத்துவ நூல்கள் எழுதுகின்றன. நமது பேச்சுவழக்கு அதை எப்போதோ பிடித்து வைத்துவிட்டது.

இந்த நோய்க்கு ஒவ்வொரு மொழியும் பெயர் வைத்த விதம் சுவையானது. சுஸ்ருத சம்ஹிதை 11 வகைத் தலைநோய்களைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று அர்த்தாவபேதகம், அதாவது பாதியைப் பிளப்பது. இன்னொன்று சூரியாவர்த்தம், சூரியன் ஏற ஏற ஏறி, பொழுது சாயச் சாயத் தணிவது. சிங்களச் சகோதரர்கள் 'இருவாரதய' என்று சொல்கிறார்களே, அதிலுள்ள 'இரு'வும் சூரியன்தான். கிரேக்கர்கள் ஹெமிக்ரானியா என்றார்கள். பாதி மண்டை என்று பொருள். அது இலத்தீனுக்குள் போய், தேய்ந்து, பிரெஞ்சு வழியாக மைக்ரேன் ஆகியது. அரபியில் ஷகீகா. 'ஷக்க' என்றால் பிளந்தான். 'ஷிக்கு' என்றால் ஒரு பாதி. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த சகோதரியையும் அரபியில் ஷகீகா என்றே சொல்வர், ஒன்றாக இருந்ததன் மற்றப் பாதி என்ற கருத்தில். ராத்தாவுக்கும் தலையிடிக்கும் ஒரே பெயரா என்று மத்ரஸா மாணவர்கள் பகிடி பண்ண இடமுண்டு.

பெயர்களைத் தேடிப்போன எனக்கு, பெயருக்குப் பின்னால் இருந்த கவனம்தான் கடைசியில் பெரிதாகத் தெரிந்தது. நமது மரபில் ஷகீகா ஒரு வருத்தமாக மதிக்கப்பட்டது. அதற்குக் காரணம் தேடினார்கள், வகை பிரித்தார்கள், ஒரு வகைக்குப் பொருந்திய மருந்து மற்ற வகைக்குப் பொருந்தாது என்று எழுதி வைத்தார்கள். இன்று அதே மரபின் பெயரைச் சொல்லிக்கொண்டு எல்லாத் தலையிடிக்கும் ஒரே வழி என்கிறோம். இல்லாவிட்டால் "சும்மா தலையிடிதானே" என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்தத் தூரம் எப்படி வந்தது என்பதே எனது கேள்வி.

ஸஹீஹுல் புகாரியின் மருத்துவ அத்தியாயத்தில், நபி (ஸல்) அவர்கள் இஹ்ராமுடைய நிலையில், தமக்கு ஏற்பட்ட ஷகீகாவின் காரணமாகத் தலையில் ஹிஜாமா செய்துகொண்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு உண்டு. மக்கா செல்லும் வழியிலுள்ள லஹ்யு ஜமல் என்ற இடமும் ஹதீஸில் பதிவாகியிருக்கின்றது. இந்த ஹதீஸை ஹிஜாமாவுக்கு ஆதாரமாகவே நாம் படித்துப் பழகிவிட்டோம். மொழியின் வரலாற்றைப் பார்ப்பவனுக்கு இதில் இன்னொரு செய்தி இருக்கிறது. கிரேக்க மருத்துவ நூல்கள் அரபிக்கு வந்தது பெரும்பாலும் ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில், ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873) போன்றவர்களின் கையால். அதற்கு இருநூறு வருடம் முந்திய ஹிஜாஸ் மக்களின் வாயில் ஷகீகா என்ற சொல் ஏற்கெனவே இருந்திருக்கிறது. அதாவது மொழிபெயர்ப்பாளர் யாரும் 'ஹெமிக்ரானியா'வைப் பார்த்து உட்கார்ந்து செய்த கலைச்சொல் இல்லை இது. பாலைவனத்தில் பயணம் செய்தவர்களும் ஆடு மேய்த்தவர்களும் தங்கள் நோவுக்குத் தாங்களே வைத்த பெயர். பாதி என்ற கருத்தைக் கிரேக்கரும் அரபிகளும் சம்ஸ்கிருத வைத்தியர்களும் தனித்தனியாகவே கண்டிருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். தலையின் ஒரு பக்கம் நொந்தால் யாருக்கும் தோன்றக்கூடியதுதானே.

கிரேக்க மருத்துவர்களில் கப்படோசியா ஊரவரான அரேட்டியஸ் இந்நோயாளிகள் வெளிச்சத்தைக் கண்டு ஓடுவதையும் இருட்டு அவர்களுக்கு ஆறுதல் தருவதையும் எழுதியவர். அரபிகள் ஜாலீனூஸ் என்று அழைத்த கேலன் காரணத்துக்குள் போனார். இரைப்பையில் பித்தம் மிகுந்து, அதன் ஆவி மேலே ஏறித் தலையைத் தாக்குகிறது என்றார். இன்றைக்கு இது பிழை. ஆனால் தலையிடியோடு குமட்டலும் சத்தியும் வருவதைக் கண்ட ஒருவர், வயிற்றைச் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை. நம் ஊரிலும் "பித்தம் தலைக்கேறிட்டுது" என்று இன்றுவரை சொல்லப்படுகிறது. அப்படிச் சொல்கின்ற யாரும் கேலனைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

இப்னு ஸீனாவுக்கு (980–1037) வருவோம். அல்கானூன் ஃபித்திப் ஐந்து பாகங்கள். மூன்றாம் பாகம் தலையிலிருந்து கால்வரை உறுப்பு உறுப்பாக நோய்களைச் சொல்வது, தொடங்குவதே தலைநோய்களில். தலையிடி என்ற ஒன்றை அவர் எத்தனை விதமாகப் பிரிக்கிறார் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். தலையிலேயே பிறந்ததா, இரைப்பை முதலான வேறு உறுப்பிலிருந்து வந்ததா? சூட்டினாலா குளிரினாலா? ஓட்டுக்கு உள்ளேயா வெளியேயா? ஒரு பக்கம் மட்டும் வருவது ஷகீகா. முழுத் தலையையும் கவிழ்த்து மூடுவதற்குப் பைளா என்றும் கூதா என்றும் பெயர் தருகிறார். இரண்டும் போர்வீரர் அணியும் இரும்புத் தொப்பியின் பெயர்கள். இரும்புத் தொப்பி போட்டு இறுக்கினாற்போன்ற தலையிடி!

அந்தப் பைளா நோயாளியை அவர் வர்ணிக்கின்ற பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. சிறிய காரணம் ஒன்று போதும், ஓர் அசைவு, ஒரு சத்தம், ஏதோ ஓர் உணவு, உடனே நோவு கிளம்பிவிடும். நோயாளிக்குச் சத்தம் ஆகாது, வெளிச்சம் ஆகாது, ஆட்களோடு கலப்பது ஆகாது. தனிமையும் இருட்டும் அசையாமல் படுத்திருப்பதும்தான் வேண்டும். தன் தலையைச் சுத்தியலால் அடிப்பது போலவும், பிடித்து இழுப்பது போலவும், பிளப்பது போலவும் அவருக்கு இருக்கும். இவ்வளவும் ஆயிரம் வருடங்களுக்கு முன் எழுதப்பட்டது. 1988இல் சர்வதேச தலையிடிச் சங்கம் முதன்முறையாக வெளியிட்ட வகைப்பாட்டில் மைக்ரேனுக்குச் சொல்லப்பட்ட அடையாளங்களையும் எடுத்துப் பாருங்கள். துடிக்கும் நோவு, அசைந்தால் கூடுவது, குமட்டல், ஒளியும் ஒலியும் தாங்காமை. இப்னு ஸீனா பைளா என்று தனியாக வைத்ததில் ஒரு பகுதியை இன்றைய மருத்துவர் மைக்ரேன் என்றே எழுதுவார். ஏனென்றால் இந்நோய் இரண்டு பக்கமும் வருவதுண்டு. பாதி என்ற பெயர் எல்லா நோயாளிக்கும் பொருந்துவதில்லை.

வர்ணனை இவ்வளவு நுணுக்கமாக இருக்க, சிகிச்சை அப்படி இருக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். குர்துபாவின் அஸ்-ஸஹ்ராவி (936–1013) அறுவை மருத்துவத்தின் தந்தை என்று நாம் மேடைதோறும் பெருமையாகச் சொல்பவர். முப்பது பகுதிகள் கொண்ட அவரது அத்தஸ்ரீஃபின் கடைசிப் பகுதி அறுவைக்குரியது. மருந்துக்கு அடங்காத ஷகீகாவுக்கு அதில் அவர் சொல்கின்ற வழிகளில் ஒன்று, நெற்றிப்பொட்டில் தோலைக் கீறி, உரித்த வெள்ளைப்பூண்டுப் பல் ஒன்றைத் தோலுக்கடியில் செருகிக் கட்டி வைப்பது. அடுத்த வழி, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவது. நெற்றிப்பொட்டில் துடிக்கும் நாடியை வெட்டிக் கட்டிவிடுவது இன்னுமொன்று. வாசிக்கும்போதே நமக்குத் தலையிடி வந்துவிடும். ஆனாலும் இதற்குச் சம்மதித்து வந்து உட்கார்ந்த நோயாளியை ஒருகணம் நினைத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சிய இரும்பை விட மோசமான ஒன்றை அவர் மாதாமாதம் அனுபவித்திருக்காவிட்டால் ஏன் வருகிறார்? அந்த நாடியின் மீது ஸஹ்ராவிக்கு வந்த சந்தேகமும் வெறும் கற்பனையல்ல. ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து அமெரிக்க மருத்துவர்கள் இருவர் அதே நாடியில்தான் கருவியை வைத்து அளந்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹிஜாமா பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. கடந்த சில வருடங்களில் நமது ஊர்களில் ஹிஜாமா நிலையங்கள் பெருகிவிட்டன. "மைக்ரேனா, ஒரேயொரு தடவை வாங்க, அடியோட இல்லாமப் போகும்" என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். நபிவழி என்ற சொல்லை முன்னால் வைத்ததும் யாரும் கேள்வி கேட்பதில்லை. அத்திப்புன் நபவி என்ற நூலை எழுதிய இப்னுல் கையிம் அல்ஜவ்ஸிய்யா (1292–1350) இதே தலைப்பில் என்ன செய்திருக்கிறார் என்று பார்த்தால், அவர் முதலில் தலையிடிக்கான காரணங்களை ஏறத்தாழ இருபதாக அடுக்குகிறார். பிறகு, வகைக்கு ஏற்பவும் காரணத்துக்கு ஏற்பவும் சிகிச்சை மாறும் என்கிறார். ஒருவருக்குச் சத்தி எடுப்பது, ஒருவருக்கு உணவு, ஒருவருக்கு ஓய்வு, ஒருவருக்குத் தலையைக் கட்டுவது, ஒருவருக்குக் குளிர்ச்சி, ஒருவருக்குச் சூடு, இன்னொருவருக்குச் சத்தத்திலிருந்தும் அசைவிலிருந்தும் விலகியிருப்பது. மருதோன்றி பற்றிய அறிவிப்புக்கு வரும்போது, இது பகுதிக்குரிய மருந்து, எல்லாவற்றுக்கும் பொதுவானதல்ல என்று தெளிவாக எழுதுகிறார். ஜுஸ்யீ, குல்லீ என்று உஸூல் கலைஞர் பயன்படுத்தும் அதே சொற்களில். நபிவழி மருத்துவத்தின் மிகப் பெரிய வழக்கறிஞர் கடைப்பிடித்த எச்சரிக்கை, அந்த நோட்டீஸ்காரர்களிடம் இல்லை.

ஹிஜாமா சிலருக்குச் சுகம் தந்திருக்கலாம். சிறிய ஆய்வுகளும் உண்டு. ஆனால் தரத்தில் வலுவானவை குறைவு. நான் பயப்படுவது வேறொன்றுக்கு. தலையிடியோடு வருபவர்களில் அதிகம் பேர் பெண்கள், அதிலும் இரத்தம் குறைந்த பெண்கள் பலர். அவர்களிடமிருந்து மேலும் இரத்தம் எடுப்பதற்கு முன் எத்தனை நிலையங்களில் பரிசோதனை செய்கிறார்கள்?

இலங்கை முஸ்லிம்களுக்கு இந்த நூல்களோடு இருந்த உறவு பழையது. பிரித்தானிய காலத்தின் தொடக்கத்தில் இங்கு பிரதம நீதியரசராக இருந்த அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன், 1827இல் லண்டன் ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் இலங்கைச் சோனகர் பற்றி எழுதிய கடிதம் ஆய்வாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது. அரிஸ்டோட்டில், ஜாலீனூஸ் போன்றோரின் நூற்பகுதிகள் அரபியில் இங்குள்ள முஸ்லிம் வர்த்தகர்களிடமும் மார்க்க அறிஞர்களிடமும் இருந்ததையும், தங்கள் முன்னோர் அவற்றைப் பக்தாதிலிருந்து பெற்றதாக அவர்கள் சொன்னதையும் அவர் பதிவுசெய்கிறார். கண்டி மன்னர்களின் அரண்மனை வைத்தியர்களாக இருந்த கோபால முதலியார் பரம்பரை பற்றி லோர்னா தேவராஜா தனது நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் யூனானியையும் தனக்குள் சேர்த்துக்கொண்டது. ராஜகிரிய சுதேச வைத்திய நிறுவனத்தில் பட்டப்படிப்பாகவும் அது வளர்ந்தது. ஏடுகளும் பட்டங்களும் ஒருபுறம் இருக்க, அந்த அறிவு வீட்டின் உள்ளறை வரை போனதா என்பது வேறு கேள்வி.

எனது மூத்தம்மாவுக்கு இந்த வருத்தம் இருந்தது. கிளம்பினால் ஜன்னல்களைச் சாத்தி, சீலைத்துண்டு ஒன்றைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, நெற்றியில் வேர்க்கொம்பு உரைத்துப் பூசிக்கொண்டு சுருண்டுவிடுவா. ஒருநாள், சில வேளை இரண்டு நாள். வீட்டுக்கு வருபவர்கள் திண்ணையில் இருந்துகொண்டு, "வேலக்கிக் கள்ளத்தில கெடக்கா" என்று பேசியது அவவின் காதில் விழாமல் இருந்திருக்காது. கண்ணூறு என்றார்கள், லெப்பை ஓதித் தந்த தண்ணி குடித்தா, கழுத்தில் இஸ்மு கட்டினா. பரிசாரியார் தந்த எண்ணெயும் வைத்தா. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு தலையிடி தானாகவே குறைந்து போனது. கடைசியாக இஸ்மு கட்டியவருக்கு ஊரில் பெரிய பெயர்! மாதவிடாய் நின்ற பின் பல பெண்களுக்கு இந்நோய் தணிகிறது என்பதும், அதற்கு ஹோர்மோன்களே காரணம் என்பதும் பிற்காலத்தில் வாசித்துத்தான் எனக்குத் தெரியும். பிள்ளை பெறும் வயதில் ஆண்களை விட இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பெண்களுக்கு வருகின்ற ஒரு நோய், பல நூற்றாண்டுகள் 'கள்ளம்' என்றும் 'நரம்புத் தளர்ச்சி' என்றும் ஒதுக்கப்பட்டதில் தற்செயல் எதுவும் இல்லை.

இது நமது ஊர்களின் குறை மட்டுமல்ல. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆன் கொன்வே (1631–1679) என்ற தத்துவவாதிக்குச் சிறுவயது முதல் கடுந்தலையிடி. இரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி அவருக்கு மண்டையோட்டைத் துளைக்கலாம் என்று ஆலோசனை சொன்னார். அதற்காகப் பிரான்ஸ் வரை போனார். அங்கே யாரும் துணியவில்லை. சாகும்வரை தலையிடியோடேயே எழுதினார். அக்கால ஐரோப்பாவின் ஆகப் பெரிய மருத்துவர்களால்கூட அவருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

மாற்றம் வந்தது ஒரு பூஞ்சையிலிருந்து. ரை என்ற தானியக் கதிரில் பிடிக்கும் எர்கொட் என்னும் பூஞ்சை, மத்திய கால ஐரோப்பாவில் ரொட்டி வழியாகப் பரவிக் கைகால்களை அழுக வைத்த நஞ்சு. இரத்தக் குழாய்களை அது அவ்வளவுக்கு இறுக்கிவிடும். 1918இல் சுவிற்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோல் அதிலிருந்து எர்கொட்டமீனைப் பிரித்தெடுத்தார். 1938இல் கிரஹாம், வோல்ஃப் என்ற இருவர், தலையிடி நேரத்தில் நெற்றிப்பொட்டு நாடியின் துடிப்பை அளந்து, எர்கொட்டமீன் கொடுத்ததும் துடிப்பும் நோவும் சேர்ந்து இறங்குவதைக் காட்டினார்கள். ஸஹ்ராவி கத்தி வைத்த அதே இடம். குழாய் விரிவதே நோய் என்ற கருத்து அதன்பின் அரை நூற்றாண்டு ஆட்சி செய்தது. பட்ரிக் ஹம்ப்ரியின் குழு உருவாக்கி 1991இல் சந்தைக்கு வந்த சுமாட்ரிப்டானும் அந்தக் கருத்தில் பிறந்ததுதான். மருந்து வேலை செய்தது. கருத்து நிலைக்கவில்லை. குழாய் விரிவதை விட, முகத்துக்கும் தலைக்கும் உணர்வு தருகின்ற முக்கிளை நரம்பும், அது வெளிவிடும் சீ.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்குமே முக்கியம் என்று பின்னர் தெரியவந்தது. தலையிடி நேரத்தில் கழுத்து நாளத்து இரத்தத்தில் அது கூடுவதை 1990இல் கோட்ஸ்பியும் எட்வின்சனும் காட்டினார்கள். அதைத் தடுக்கும் ஊசிமருந்து 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2021ஆம் ஆண்டு டென்மார்க்கின் மூளைப் பரிசு இவ்விருவருக்கும் மொஸ்கோவிட்ஸ், ஒலெசென் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது.

பழையது ஒன்று புதிய உருவில் திரும்பி வந்த கதையும் உண்டு. கி.பி. முதலாம் நூற்றாண்டு ரோமாபுரியில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனை உயிரோடு தலையில் வைக்கச் சொன்னார். கேலன் அதைச் சோதித்துப் பார்த்தவர். செத்த மீனில் பலனில்லை, உயிர் மீனில் பலன் இருந்தது என்று எழுதினார். 2014இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், நெற்றியில் ஒட்டி மெல்லிய மின்சாரம் செலுத்தும் கருவி ஒன்றுக்கு மைக்ரேன் தடுப்புக்காக அனுமதி தந்தது. மீனுக்குத்தான் விடுதலை.

ஊசிமருந்தும் கருவியும் நம்மில் பெரும்பாலானோருக்கு எட்டாதவை. எட்டுவது பனடோல். கடையில் சீனி, தேயிலையோடு சேர்த்து அதையும் ஒரு காட் வாங்கி வருகிறோம். எப்போதாவது போட்டால் குற்றமில்லை. மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், மூன்று மாதத்துக்கு மேலாக விழுங்கி வந்தால் அந்த மருந்தே தலையிடியை உண்டாக்கத் தொடங்கும். கலவை மாத்திரைகளுக்கும் ட்ரிப்டான், எர்கொட் வகைகளுக்கும் அந்தக் கணக்கு 10 நாள். "நாளைக்கு ரெண்டு போடாட்டி எனக்குத் தலை நிக்காது" என்று சொல்லும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தேவை இன்னொரு பனடோல் அல்ல. வராமல் தடுக்கும் மருந்து. ப்ரொப்ரனலோல், அமிட்ரிப்டிலின் போன்றவை பழைய, மலிவான மருந்துகள். ப்ரொப்ரனலோல் முட்டு வருத்தக்காரருக்கு ஆகாது. எது யாருக்கு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும், இப்னுல் கையிம் சொன்னது போல வகை பார்த்து. ஒரே நொடியில் இடி விழுந்தாற்போல் வந்த தலையிடி, ஐம்பது வயதுக்குப் பின் முதன்முறை வந்தது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கைகால் சோர்வது, பேச்சுக் குழறுவது, இவற்றுக்குப் பனடோலும் வேண்டாம் ஓதிய தண்ணிக்காகக் காத்திருப்பதும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிதான்.

கடைசியாக நோன்பு. ரமழானின் முதல் நாள் பின்னேரம் வருகின்ற தலையிடியைச் சவூதி அரேபிய மருத்துவர்கள் 1999இல் தனி ஆய்வாகவே வெளியிட்டார்கள். அதில் பெரிய பங்கு கோப்பி, தேயிலைப் பழக்கம் திடீரென்று நிற்பதற்கு. நாளுக்கு ஐந்தாறு பிளேன்டீ குடிக்கின்ற நாம் ஷஃபான் கடைசியிலேயே ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்து, ஸஹருக்கு ஒன்று வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை போகும். மைக்ரேன்காரருக்கு அது மட்டும் போதாது. பசியும் தூக்கம் கெடுவதும் தண்ணீர் குறைவதும் அவருக்கு நோயைக் கிளப்பும் காரணங்கள். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யும் சலுகை குர்ஆனிலேயே இருக்க, "தலையிடிக்கெல்லாம் நோன்ப விடுறதா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஃபத்வா சொல்வது எனது வேலையல்ல; அதை ஆலிம்களிடம் கேட்க வேண்டும். கேட்கும்போது வெறுமனே தலையிடி என்று சொல்லாமல், மாதத்தில் எத்தனை நாள் வருகிறது, எத்தனை மணித்தியாலம் நிற்கிறது, சத்தி உண்டா, வெளிச்சம் தாங்குமா, எழும்பி நடமாட முடிகிறதா என்று சொல்லிக் கேட்க வேண்டும். கிளினிக்கிலும் இதே விபரங்களைத்தான் கேட்பார்கள். ஆகவே ரஜப் மாதத்திலிருந்தே ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வைப்பது நல்லது. இரவில் ஒருவேளை எடுக்கும் தடுப்பு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவர் பார்ப்பதற்கும் அந்த இரண்டு மாத அவகாசம் தேவைப்படும்.